அலிப்பூரிலிருந்து சந்தக்ஃபூ வரை: சுமை யாருடையது?

சென்னையில் இருந்தவரை மழை என்றால் எங்களுக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம், அப்புறம் டிவியில் ரமணன். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது அலிப்பூர். இங்கே எந்த பெங்காலி சேனலைத் திருப்பினாலும் "அலிப்பூர் ஆபஹாவா தப்தர்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அலிப்பூர் வானிலை அலுவலகம் சொன்னது, சொல்லவில்லை, சொன்னது பலிக்கவில்லை. மீன் மார்க்கெட்டிலும் அதே பேச்சு.

அந்த அலுவலகம் எங்கள் குடியிருப்பிலிருந்து நடக்கிற தூரம்தான். இருக்கிற தெருவின் பெயர் டூயல் அவென்யூ. 1780 ஆகஸ்டில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும், அவர் கவுன்சிலிலேயே இருந்த பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்ட சண்டையின் நினைவாக வந்த பெயர். பிரான்சிஸ் குண்டடி பட்டும் பிழைத்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி மிருகக்காட்சி சாலை, அதற்கு எதிரே பெல்வடியர் மாளிகையும் தேசிய நூலகமும். ராத்திரி ஊர் அடங்கினால் சிங்கம் உறுமுவது கேட்கும். தங்கமணிக்கு முதல் ஒரு மாசம் தூக்கமே இல்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். இது மலை ஏறிய கதை. ஆனால் அலிப்பூரில் ஆரம்பித்து அலிப்பூரிலேயே முடிகிற கதை.

பெங்காலிகளுக்கு வருஷத்தில் ஒரு தரமாவது மலைக்குப் போகாவிட்டால் சோறு செரிக்காது. ஆபீசில் ஒரு தாதா இருக்கிறார், காலேஜ் நாளில் இருந்தே முதுகுப்பையோடு திரிகிறவர். அவர்தான் "சந்தக்ஃபூ ஃபாலுட் போகாமல் ஊர் திரும்பினால் நீங்கள் வங்காளத்தில் இருந்ததாகவே கணக்கில்லை" என்று உசுப்பேற்றினார். நான், மதுரைக்காரர் ஒருவர், நாகர்கோவில்காரர் ஒருவர், திருச்சியிலிருந்து வந்த கணவன் மனைவி. ஆக ஐந்து தமிழர்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அதிகபட்ச மலையேற்ற அனுபவம், பழனி யானைப்பாதை.

பாதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சியால்தாவில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் நியூ ஜல்பைகுரி. அங்கிருந்து ஜீப்பில் மானேபஞ்சன். அதற்கு மேல் சிங்கலீலா மலைத்தொடரின் முதுகிலேயே நடை. முதல் நாள் மேக்மா வழியாக டும்லிங், இரண்டாம் நாள் கைரிபாஸ் இறங்கி மறுபடி ஏறி காளிபோக்ரி, மூன்றாம் நாள் செங்குத்தாக ஏறி சந்தக்ஃபூ. 3,636 மீட்டர், மேற்கு வங்காளத்தின் மிக உயரமான இடம். அங்கிருந்து ஃபாலுட்டுக்கு இன்னொரு 21 கிலோமீட்டர். இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் நேபாளம். டீ குடிக்க ஒரு நாடு, கை கழுவ இன்னொரு நாடு. 1992-ல் தேசியப் பூங்காவான காடு, அதனால் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள்.

வழிகாட்டி கட்டாயம். சுமை தூக்குகிறவர் நம் இஷ்டம். மானேபஞ்சனில் எங்கள் மூட்டையைப் பார்த்துவிட்டு "இரண்டு பேர் வேண்டும்" என்றார்கள். மதுரைக்காரர் பேரம் பேசி ஒருவரோடு முடித்தார். எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தலைக்கு ஒரு ஓட்டல் சாப்பாட்டுக் காசு மிச்சம்.

வந்தவன் பத்தொன்பது வயசுப் பையன். முதுகில் டோக்கோ என்கிற மூங்கில் கூடை, அதைத் தாங்கி நெற்றியில் நாம்லோ என்கிற பட்டை. என்னைப் பார்த்து "தாய், போகலாமா?" என்றான். நேபாளியில் 'தாய்' என்றால் அண்ணன். இரண்டு நாள் முழுக்க நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கூடையில் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர், ஐந்து கிலோ பொன்னி அரிசி, பருப்பு, சாம்பார் பொடி, ஊறுகாய் பாட்டில் இரண்டு (கண்ணாடி!), மதுரைக்காரரின் மடக்கு நாற்காலி, எல்லோருடைய மாற்று ஜோடி செருப்பு. வழியெல்லாம் தங்கும் விடுதிகளில் சுடச்சுடப் பருப்பும் சோறும் போடுவார்கள் என்று தாதா தலையால் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் குக்கர் விஷயத்தில் மதுரைக்காரர் வாதத்திலும் நியாயம் இருந்தது. மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். சந்தக்ஃபூவில் சுமார் 88 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கிறதே தவிர அரிசி வேகாது. முந்நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி என்று கணக்கு.

இந்தக் கணக்கை வைத்துத்தான் ஒரு காலத்தில் மலையையே அளந்தார்கள்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கிறது. 1848 மே மாதம், ஜோசப் டால்டன் ஹூக்கர் என்ற இளம் தாவரவியலாளர் டார்ஜிலிங்கிலிருந்து இதே மலைத்தொடரில் இருக்கிற டோங்லு வரை ஏறினார். சுமார் 10,000 அடி. நாங்கள் முதல் ராத்திரி தங்கிய டும்லிங் அதன் காலடியில்தான் இருக்கிறது. மழையிலும் அட்டைக்கடியிலும் செடி சேகரித்துக்கொண்டே, போகிற இடத்திலெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியை விட்டுப் பார்ப்பார், பாரமானியையும் பார்ப்பார். ஆனால் மலை உச்சியில் எடுத்த எண் தனியாக ஒன்றும் சொல்லாது. அதே சமயம் கல்கத்தாவில் பாரமானி எவ்வளவு காட்டியது என்று ஒப்பிட்டால்தான் உயரம் கிடைக்கும். அப்படிக் கல்கத்தா அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் அவருடைய உயரங்கள் கணக்கிடப்பட்டன. உயரம் என்பதே இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம்தானே. ஒரு முனை பனியில், இன்னொரு முனை நாங்கள் வேர்த்துக் கொட்டுகிற இந்த ஊரில்.

நம் ஊரிலிருந்து போன முனையும் உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டுத் தரையை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நேர்கோடு. அதை அளக்க 57 நாள் ஆனது. அந்தக் கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கி வடக்கே போன பெரிய நில அளவைதான் கடைசியில் இமயமலையைத் தொட்டது. அந்த அளவையின் கல்கத்தா அலுவலகத்தில் தலைமைக் கணக்கராக இருந்தவர் ராதாநாத் சிக்தார். பதினைந்தாம் எண் சிகரம் என்று மட்டும் பெயர் வைத்திருந்த மலை 29,002 அடி என்று வந்த கணக்கில் அவருக்கு முக்கியப் பங்கு. ஓடிப்போய் "உலகத்திலேயே உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று அவர் கத்தினார் என்பது கதை, பலர் சேர்ந்து வருஷக்கணக்கில் போட்ட கணக்கு அது. 1865-ல் அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். எவரெஸ்ட் துரை அதற்குப் பல வருஷம் முன்பே ஓய்வு பெற்று சீமைக்குப் போய்விட்டார். சிக்தாருக்கு 2004-ல் ஒரு தபால் தலை கிடைத்தது.

சிக்தாரைப் பற்றி எல்லோரும் இந்த எவரெஸ்ட் கதையோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1843-ல் அவர் டேராடூனில் இருந்தார். அங்கே மாஜிஸ்திரேட்டாக இருந்த வான்சிட்டார்ட் என்ற வெள்ளைக்காரர், நில அளவைத் துறையின் சுமை தூக்கும் ஆட்களைத் தன் சொந்த மூட்டை தூக்கப் பிடித்துக்கொண்டு போனார். கூலி கிடையாது. நம்மூர் வெட்டி வேலை மாதிரி அங்கே அதற்கு பேகார் என்று பெயர். சிக்தார் மூட்டைகளைத் தடுத்து வைத்துக்கொண்டு, கேள்வி கேட்டார். வழக்கானது. அவருக்குத்தான் 200 ரூபாய் அபராதம். மலையை அளக்கிறவர், சுமக்கிறவனுக்காக அபராதம் கட்டினார்.

கூலி என்ற வார்த்தையையே பாருங்கள். ஆங்கிலத்துக்கு அது நம் தமிழிலிருந்து போனது என்பவர்கள் பலர், குஜராத்தின் கோலி என்ற ஜாதிப் பெயரிலிருந்து போனது என்பவர்களும் உண்டு. தமிழில் கூலி என்றால் உழைப்புக்குத் தருகிற காசு. ஆங்கிலத்தில் அது ஆளையே குறித்தது. வழியில் காசு எங்கேயோ விழுந்துவிட்டது.

இதெல்லாம் மலையில் இருந்தபோது எனக்குத் தெரியாது. திரும்பி வந்து படித்ததுதான். மலையில் நடந்தது வேறு.

மூன்றாம் நாள். காளிபோக்ரியிலிருந்து சந்தக்ஃபூ ஆறே கிலோமீட்டர். ஆனால் பிக்கேபஞ்சனுக்கு மேல் பாதை நெட்டுக்குத்தாக நிற்கிறது. நாங்கள் கைத்தடியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பத்தடிக்கு ஒரு தரம் நின்று "என்ன சீனரி!" என்று சொல்லி மூச்சு வாங்கிக்கொண்டோம். பையன் பின்தங்கிவிட்டான். மேலே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தான். கூடையை இறக்கிவிட்டு அப்படியே நின்றான். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நெற்றியில் பட்டை அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது.

விடுதி நடத்துகிற அக்கா (தீதீ என்பார்கள்) ஒன்றும் பேசவில்லை. கூடையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி எனக்குச் சாடை காட்டினார். என்னால் முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. உருளைக்கிழங்கு நிறுக்கிற தராசு ஒன்று சமையலறையில் தொங்கியது. மாட்டிப் பார்த்தோம். 41 கிலோ. பையன் அதைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோ கூட இருப்பான், அவ்வளவுதான்.

அவன் கோபப்படவில்லை. சுடுதண்ணீர் குடித்துவிட்டு ஹிந்தியில் கேட்டான். "இதில் மேலே எது வேணும் தாய்?" கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ஐந்து பேரில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. இந்த முறை 'தாய்' என்றதற்கு யாரும் சிரிக்கவும் இல்லை.

மறுநாள் விடியற்காலை உலகத்தின் முதல் ஐந்து சிகரங்களில் நான்கைப் பார்த்தோம். எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு. கும்பகர்ணா சிகரம் தலையாக, கஞ்சன்ஜங்கா உடம்பாக, புத்தர் மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி ஒரே வெள்ளை. போட்டோவில் வராத அழகு. ஆனால் எனக்குக் கண் அடிக்கடி அந்தத் தராசுக்கே போனது.

குக்கரை தீதீக்குக் கொடுத்துவிட்டோம். அரிசியையும்தான். மடக்கு நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கும். மிச்சத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு பையாகச் சுமந்துகொண்டோம். இரண்டாவது ஆளின் கூலியையும் பையனுக்கே கொடுத்து, வெறும் பத்துக் கிலோவோடு கூட வரச் சொன்னோம். ஃபாலுட்டுக்கு 21 கிலோமீட்டர். பாதி வழியில் நாகர்கோவில்காரர் தோள் பட்டையை நிமிண்டிக்கொண்டே "ஏ அப்பா, ஒம்பது கிலோவுக்கே உயிர் போகுது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கோர்க்கே கிராமம் வரை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் தேசிய நூலகத்துக்குப் போனேன். ஹூக்கரைப் படிக்கத்தான் போனேன். தமிழர்களுக்கு அங்கே இன்னொரு சொந்தமும் உண்டு, வையாபுரிப் பிள்ளை சேர்த்த தமிழ் நூல்களும் சுவடிகளும் அங்கேதான் இருக்கின்றன. நூலகம் 1953-ல் பெல்வடியர் மாளிகையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால், 1854 முதல் 1912 வரை, அது வங்காளத்து லெப்டினன்ட் கவர்னர்களின் வீடு. அந்த வரிசையில் ஒரு பெயரைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. சர் ரிச்சர்ட் டெம்பிள். 1874 முதல் 1877 ஆரம்பம் வரை இந்த வீட்டுக்காரர்.

தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876-ல் இரண்டு பருவமழையும் பொய்த்து, 1878 வரை நீண்ட பஞ்சம். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் என்று ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பஞ்சச் செலவைக் குறைக்கச் சென்னைக்கு அனுப்பிய ஆள் இந்த டெம்பிள்தான். 1874-ல் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து தாராளமாக அரிசி இறக்கி உயிர்களைக் காப்பாற்றியவரும் இவர்தான். அதற்குப் பாராட்டு வரவில்லை, "ஏன் இவ்வளவு செலவு?" என்று திட்டு வந்தது. பாடம் கற்றுக்கொண்டார். சென்னையில் மண் சுமந்து கல் உடைக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது உயிர் வாழப் போதாது என்று சண்டை போட்டார். பல மாதம் கழித்துத்தான் அளவு கூடியது.

அந்தப் பஞ்சத்தில் இன்னொரு விதியும் இருந்தது. தூரச் சோதனை. வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் வேலை கிடையாது. பசிக்கிறவன் நிஜமாகவே பசிக்கிறானா என்று தெரிந்துகொள்ள, நடக்கவைத்துப் பார்ப்பது.

இதே டெம்பிள் மலைப் பிரியர். நன்றாக ஓவியம் வரைவார். சிக்கிம், நேபாளப் பயணங்களைப் பற்றி அவர் எழுதிய நாட்குறிப்புகள் 1887-ல் புத்தகமாக வந்தன. பனிமலையைப் பார்த்து ரசிக்கத் தெரிந்த மனிதர்தான். இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட, சந்தக்ஃபூவில் "என்ன சீனரி!" என்று நின்ற எங்கள் மேல் வந்த கூச்சம் அதிகம்.

எங்களுக்குப் பரமக்குடிப் பக்கம். என் எள்ளுத்தாத்தா தாது வருஷத்தில் கங்காணியோடு கண்டிக்குப் போனவர் என்று அப்பத்தா சொல்லும். அப்போது ரயில் கிடையாது. கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேல் நடை. காப்பித் தோட்டத்தைப் பார்க்காமலே காலராவிலும் காய்ச்சலிலும் அந்த வழியில் விழுந்தவர்கள் ஏராளம். எள்ளுத்தாத்தா பிழைத்துத் திரும்பி வந்தார். கூடப் போன தம்பி வரவில்லை. "எங்க விழுந்தாருன்னு கேக்காத, வழியிலதான்" என்பாள் அப்பத்தா. எங்கள் வம்சத்தின் முதல் நெடுந்தூர நடை அது. முதுகுப்பை இல்லை, வழிகாட்டி என்று கங்காணி, போட்டோ எடுக்க ஆள் இல்லை.

கடைசியாக வானிலை அலுவலகம். 1864 அக்டோபர் புயலில் கல்கத்தாவும் கழிமுகமும் அழிந்து சுமார் 60,000 பேர் போனார்கள். அதைத் தொடர்ந்து 1866-லும் 1871-லும் மழை பொய்த்தது. அதன் பிறகுதான் 1875-ல் இந்திய வானிலைத் துறையைத் தொடங்கி, ஹென்றி பிளான்ஃபோர்டைத் தலைவராகப் போட்டார்கள். தலைமையிடம் கல்கத்தா. 1877-ல் அலிப்பூர் ஆய்வகம் வந்தது. அந்த வருஷம் நம் ஊரில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சம் முடிந்ததும் அரசாங்கம் அவரிடம் கேட்டது: அடுத்த தடவை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பிளான்ஃபோர்டு பனியைப் பார்த்தார். மேற்கு இமயத்தில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனி அதிகமாக விழுந்து தங்கினால், அந்த வருஷம் சமவெளியில் மழை குறைகிறது என்று 1884-ல் எழுதினார். நாங்கள் நடந்தது கிழக்கே, அவர் கணக்கில் எடுத்தது மேற்கே. ஆனாலும் பனிக்கும் வயலுக்கும் நடுவில் கோடு போட்டவர் அவர். 1886 முதல் பருவமழைக்கு முறையான முன்கணிப்பு வர ஆரம்பித்தது. அந்தத் தொடர்பு அவர் நினைத்த அளவுக்கு நேரானது இல்லை என்று பின்னால் தெரிந்தது. இராமநாதபுரத்துக் கண்மாயை நிரப்புவதும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான். தலைமையிடமும் 1905-ல் சிம்லாவுக்குப் போய்விட்டது. இருந்தாலும் இப்போதெல்லாம் டிவியில் "அலிப்பூர் ஆபஹாவா தப்தர்" என்று வந்தால் நான் கிண்டல் பண்ணுவதில்லை. அந்த வார்த்தைக்குப் பின்னால் அப்பத்தா சொன்ன தாது வருஷம் இருக்கிறது.

முன்கணிப்பு இருந்தும் தானியம் போய்ச் சேராவிட்டால் பிரயோஜனம் இல்லை என்பதையும் இந்த ஊர் பார்த்துவிட்டது. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் ஜனங்கள் நடந்தே கல்கத்தாவுக்கு வந்து நடைபாதையில் விழுந்தார்கள். நடக்கிறவன் எதற்காக நடக்கிறான், சுமக்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதை எந்த பாரமானியும் காட்டாது.

வருகிற நவம்பரில் மறுபடி போகிறோம். இந்தத் தடவை பொண்ணும் வருகிறாள், பதினாலு வயசு. கல்கத்தாவிலேயே வளர்ந்தவள், தமிழைவிட பெங்காலி சரளமாக வரும். சென்ற வாரம் பை கட்டிப் பார்த்தாள். மூன்று புத்தகம், ஹேர் டிரையர், இரண்டு ஜோடி ஷூ. வீட்டில் பழைய பேப்பர்க்காரருக்காக வாங்கி வைத்த கொக்கித் தராசு இருந்தது. எடுத்து மாட்டிக் காட்டினேன். எள்ளுத்தாத்தா கதையையும் சொன்னேன், பையன் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

ஹேர் டிரையரை அவளே வெளியே எடுத்து வைத்துவிட்டாள். புத்தகம் மூன்றையும் விடமாட்டாளாம். "நானே தூக்கிக்கறேன்ப்பா" என்றாள்.

சரி என்றேன்.